என் பெயரை அவள் எழுதிய அட்டை

பொறாமை என்பது மற்றவர்களுக்கு வருகிற வருத்தம் என்றுதான் நாற்பத்து நான்கு வயது வரை நினைத்திருந்தேன். எனக்கு வந்தபோது அதை அனுபவம் என்றேன், ஒழுங்கு என்றேன், பொறாமை என்று மட்டும் சொல்லவில்லை. டுசில்டோர்ஃபில் எங்கள் கந்தோரின், அதாவது அலுவலகத்தின், கூட்ட அறையில், என் தூரிகைப் பேனையை இன்னொருத்தியின் கையில் பார்த்தபோது வயிறு பற்றி எரிந்தது. அன்றைக்குத்தான் அதன் சரியான பெயரை எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்களுடையது ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் ஜெர்மன் கிளை. தொழிற்சாலைகளுக்குப் பம்புகள் விற்கிறோம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் இங்கே வந்து, பள்ளிக்கூடம் முடித்து, கந்தோர் வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்து, வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவள். ஆண்டுக்கு இரண்டு முறை தலைமையகத்து ஆட்கள் ஜப்பானிலிருந்து வருவார்கள். வாடிக்கையாளர்களும் வருவார்கள். நீண்ட மேசையில் ஒவ்வொருவர் முன்னாலும் மடித்த அட்டை ஒன்று நிற்கும். ஒரு பக்கம் ஜெர்மன் எழுத்தில் பெயர். மறுபக்கம் அதே பெயர் கத்தக்கானாவில். கத்தக்கானா என்பது ஜப்பானியர் வெளிநாட்டுப் பெயர்களை எழுதுவதற்கு வைத்திருக்கும் எழுத்து. தங்கள் பெயர்களைக் கான்ஜி என்ற பட எழுத்தில் எழுதுவார்கள், வந்தவன் போனவன் பெயரையெல்லாம் கத்தக்கானாவில் எழுதுவார்கள்.

அட்டைகளை அச்சடிப்பது எங்கள் கிளையில் வழக்கமில்லை, கையால்தான் எழுத வேண்டும். அதைச் செய்துவந்த ஜப்பானியப் பெண் ஊருக்குத் திரும்பியபோது, இனி யார் எழுதுவது என்று கேள்வி வந்தது. ஜப்பானியப் பொறியியலாளர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தைப் படித்தவளுக்கு நாற்பத்தாறு எழுத்து என்ன பெரிய காரியமா? வீடு இருக்கும் நொய்ஸிலிருந்து ட்ராமில் வரும்போதும் போகும்போதும் மடியில் புத்தகத்தை வைத்து எழுதிப் பழகினேன். ரைன் நதியைத் தாண்டும் இடத்தில் பெட்டி ஆடும், அங்கே மட்டும் பேனையைத் தூக்கிவிடுவேன். இரண்டு மாதத்தில் பிடித்துவிட்டேன்.

பதினொரு வருடம் எழுதினேன். எனக்கென்று ஒரு முறை இருந்தது. பட்டியல் வந்தவுடன் ஒவ்வொருவருக்கும் போன் எடுப்பேன். "உங்கள் பெயரை ஒருமுறை சொல்லுங்கள்" என்பேன். கத்தக்கானாவில் காதுக்குக் கேட்பதைத்தான் எழுத முடியும். ஜெர்மன்காரர் தாளில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள், வாயில் இன்னொன்று வைத்திருப்பார்கள். கேட்டதை அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் குறிப்பேன். "இவர் கடைசி எழுத்தை விழுங்குகிறார்." "இந்த அம்மா நடுவில் இழுப்பா, விட்டால் கோபம் வரும்." எல்லாம் தமிழில். மற்றவர் மேசையில் கிடப்பதைப் படிக்காவிட்டால் எங்கள் கந்தோரில் சிலருக்குப் பொழுது போகாது. தமிழில் எழுதினால் எவனுக்கு விளங்கும்? அட்டைகள் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் என் கீழ் இழுப்பறைக்குள் இருந்தன.

இதில் ஒரு வேடிக்கை. எல்லாருடைய பெயரையும் எழுதிய எனக்கு என் பெயர் அங்கே இல்லை. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தகப்பன் பெயரைத்தான் முன்னால் போடுவோம். ஜெர்மனியில் அது என் கணவருக்குக் குடும்பப் பெயராகப் பதிவானது. கல்யாணம் எழுதியபோது எனக்கும் அதுவே வந்தது. ஆகவே என் குடும்பப் பெயர் என்பது என் மாமனாரின் சொந்தப் பெயர். நான் கண்ணால் காணாத மனிதர் அவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே ஊரில் செத்துப்போனார். ஜப்பானியர் மரியாதைக்குக் குடும்பப் பெயரோடு "சான்" சேர்த்துக் கூப்பிடுவார்கள். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து வரை, மாமனார் சான், தேநீர் கிடைக்குமா? மாமனார் சான், இந்தக் கடிதத்தை அனுப்புகிறீர்களா?

ஜெர்மனியில் போனை எடுத்தவுடன் குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். வீட்டிலும் எனக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. எங்களோடு இருக்கும் மாமி, என் கணவரின் தாய், ஒருநாள் நெஞ்சில் கையை வைத்தா.

"நாப்பது வருசம் அந்த மனுசனோட குடும்பம் நடத்தினனான். ஒருநாள் அவற்ற பேரை என்ர வாயால சொன்னதில்லை. நீ என்னடாவெண்டால் போனை எடுத்த உடன கூப்பிடுறாய்."

என் மேசைக்கு மாமாவின் பெயரில் நான் முதன்முதலில் எழுதிய அட்டை பழசானபோது அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமி அதை மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தனம் பூசினா. பிறகு தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு, "கோணலாக் கிடக்கு. அவர் நிமிர்ந்து நடந்த மனுசன்" என்றா. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் கந்தோரில் அப்படிச் சொல்ல ஆளில்லை, அங்கே என் எழுத்துத்தான் எழுத்து.

அப்படித்தான் இருந்தது, அவள் வரும்வரை.

அவள் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. ஆஹென் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மேற்படிப்பு முடித்து நேரே எங்கள் விற்பனைப் பிரிவுக்கு வந்தாள். இருபத்தாறு வயது. ஊரிலேயே ஜப்பானிய மொழி படித்துச் சான்றிதழ் வாங்கியவள். வந்த முதல் நாள் மேலதிகாரியோடு ஜப்பானிய மொழியில் பேசினாள், மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். பதினொரு வருடத்தில் எந்த மேலதிகாரியும் என்னோடு அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு எழுத்துத் தெரியுமே தவிர, மொழி வணக்கம், நன்றி அளவுக்குத்தான்.

பிறகு என் மேசைக்கு வந்தாள். "அக்கா, நீங்க தமிழா?"

"ஓம், தமிழ்தான்."

"அய்யோ, 'ஓம்'னு சொல்றது எவ்ளோ க்யூட்டா இருக்குங்க்கா!"

எனக்கு அது இனிக்கவில்லை. நான் ஓம் என்று சொன்னது இவளுக்கு விளையாட்டுக் காட்டவா?

அவளுக்கு என்ன பெயர் அட்டை கிடைத்தது என்று பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டில் அவளுக்கு ஒரே ஒரு பெயர்தான், தகப்பன் பெயர் வெறும் இனிஷியல். ஆகவே இங்கே அவளுடைய சொந்தப் பெயரே குடும்பப் பெயர் இடத்திலும் போய் உட்கார்ந்துகொண்டது. கந்தோர் முழுக்க அவளை அவள் பெயரால் கூப்பிட்டது. தாய் தகப்பன் ஆசையாக வைத்த பெயர், பின்னால் ஒரு சான். எனக்குச் செத்துப்போன மாமனார். நேற்றுப் பெய்த மழையில் முளைத்த காளானுக்கு வந்த யோகம்!

அவள் இதைக் கேட்டறிந்து வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். "மாமனாரையா நாள் பூரா கூப்படறாங்க? அப்போ உங்க பேரு என்னங்க்கா?" சொன்னேன். "எவ்ளோ அழகான பேரு! ஒருத்தருக்குமே தெரியாதே" என்றாள். அவள் சொன்னது உண்மை என்பதால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

இலையுதிர்காலக் கூட்டத்துக்குப் பட்டியல் வந்தபோது மேலதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேலதிகாரி இங்கே வந்து இரண்டு வருடம்தான். எங்கள் மேலதிகாரிகள் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். "இந்த முறை இவர் எழுதட்டும். நீங்கள் சரிபார்த்துவிடுங்கள்" என்று அவளைக் காட்டி என்னிடம் சொன்னார். எனக்கு வேலை குறையட்டும் என்றுதான் சொன்னார், முகத்தில் அவ்வளவு நல்ல எண்ணம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். இழுப்பறையிலிருந்து தூரிகைப் பேனையை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"பழைய கார்டு ஏதாச்சும் இருக்குங்களா? பாத்துக்குவேன்."

"ஒண்டுமில்லை. எல்லாம் எறிஞ்சாச்சு."

பெட்டி என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

அவள் யாருக்கும் போன் எடுக்கவில்லை. கூட்ட அறையில் உட்கார்ந்து, பட்டியலைப் பார்த்தே ஒரு மத்தியானத்தில் இருபத்திரண்டு அட்டையும் எழுதி முடித்தாள். எழுத்தைப் பார்த்தேன். சொல்லத்தான் வேண்டும், என்ன எழுத்து! என் கோடுகள் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே தடிப்பு. அவளுடையவை அழுந்தித் தொடங்கி, மெலிந்து, நின்றன. ஒவ்வொரு அட்டையாகப் பிழை தேடினேன். பிழை கிடைக்க வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டாத குறை.

பதினேழாவது அட்டையில் கிடைத்தது. ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் பொறியியலாளர் அவர். ஜெர்மன்காரர், ஆனால் தாத்தா ஜப்பானிலிருந்து வந்தவர், குடும்பப் பெயர் ஜப்பானியப் பெயர். நாலு வருடத்துக்குப் பிறகு இந்த முறைதான் மறுபடி வருகிறார். முன்பு நான் போன் எடுத்தபோது அவர் சொன்னது அப்படியே நினைவிருந்தது. "எனக்கு ஜப்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. என் பெயரைத் தாத்தாவின் எழுத்தில் எழுதினால் எல்லாரும் என்னோடு ஜப்பானிய மொழியில் பேசுவார்கள். நான் முழித்துக்கொண்டு நிற்பேன். தயவுசெய்து மற்ற ஜெர்மன்காரருக்கு எழுதுவது போலவே எனக்கும் எழுதுங்கள்." எனக்கு அது உடனே விளங்கியது. கோயிலில் யாராவது தமிழில் விசாரித்தால் தமிழ் பேச வராத என் மகனின் முகம் எப்படிப் போகும் என்று பார்த்தவள் நான்.

அவள் அந்தப் பெயரைக் கான்ஜியில் எழுதியிருந்தாள். ஜப்பானியப் பெயர்தானே என்று மரியாதையாக, மற்ற எல்லா அட்டையையும்விட அழகாக.

"எல்லாம் சரிங்களாக்கா?"

"ஓம், எல்லாம் சரி" என்றேன். பட்டியலின் கீழே பென்சிலால் ஒரு சரி போட்டேன்.

அடுத்த நாள் காலை கண்ணாடிக் குவளைகள் வைக்கக் கூட்ட அறைக்குப் போனேன். மேசையின் மூலையில், வழக்கமாக நான் கூட்டக் குறிப்பு எழுத உட்காரும் கதிரைக்கு முன்னால், ஒரு அட்டை நின்றது. இருபத்து மூன்றாவது. அந்த மூலைக்கு அட்டை வைக்க இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான். அதில் என் பெயர் இருந்தது. மாமனார் இல்லை, கணவர் இல்லை. என் பெயர், கத்தக்கானாவில், அவள் கையெழுத்தில், அழுந்தித் தொடங்கி மெலிந்து நின்றது.

விருந்தினர் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அந்த மனிதரின் அட்டையை மாற்றி எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். எழுதக்கூடத் தேவையில்லை, பழைய அட்டை பெட்டியில் இருந்தது. நான் மாற்றவில்லை. என் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு வருடத்தில் என் பெயரை நான் இப்படி ஒருநாளும் எழுதிப் பார்த்ததில்லையே, அதையும் இவளே முந்திக்கொண்டாளே என்றுதான் மனம் போனது. வேறு எந்த நல்ல எண்ணமும் வரவில்லை.

நடக்க வேண்டியது நடந்தது. தலைமையகத்திலிருந்து வந்த முதியவர் அந்தக் கான்ஜி அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எழுந்து வந்து குனிந்து, அந்த மனிதரிடம் ஜப்பானிய மொழியில் கடகடவென்று பேசினார். எந்த ஊர், எந்தப் பக்கம் என்று விசாரித்திருப்பார். மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மனிதர் கழுத்து வரை சிவந்தார். ஜெர்மனில், "மன்னிக்கவும், எனக்குத் தெரியாது" என்றார். முதியவரும் சங்கடப்பட்டுத் திரும்பத் திரும்பக் குனிந்தார். அதன்பின் மூன்று மணி நேரக் கூட்டத்தில் அந்த மனிதர் வாய் திறக்கவில்லை. தன் அட்டையைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் மேல் குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டார். நான் மூலையில் என் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் போனபின் மேலதிகாரி எங்களை அறைக்குக் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அட்டைகளைச் சரிபார்த்தீர்களா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "இல்லை, நான் இவருக்குக் காட்டவில்லை. நேரம் போதவில்லை. என் தவறு." சொல்லிவிட்டுக் குனிந்தாள். நான் சரி போட்ட பட்டியல் அவள் குறிப்பேட்டுக்குள் மடித்துக் கிடந்தது, அதன் நுனி எனக்குத் தெரிந்தது. நான் பேசவில்லை. மேலதிகாரி முடிவைச் சொன்னார். இனி அட்டைகளை வழக்கம்போல நானே எழுத வேண்டும் என்றார். அவள் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருக்கிறாள், அதை மறக்கக் கூடாது என்றும் சொன்னார்.

வேலை திரும்பி வந்துவிட்டது. தூரிகைப் பேனை என் இழுப்பறைக்கு வந்துவிட்டது. நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. ஆனால் இரண்டு நாளாக 'ஆறு மாதத் தகுதிகாண் காலம், அது முடியுமுன் அனுப்பிவிட்டால் அவளுடைய விசா என்னாகும்' என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் கந்தோர்க் குசினியில் அவள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். கதவைச் சாத்தினேன்.

"பிள்ளை, உமக்கு ஒண்டு சொல்ல வேணும். அந்த மனுசன்ர பேர் விசயம் எனக்கு முன்னமே தெரியும்."

"தெரியும்ங்க்கா."

"என்ன தெரியும்?"

"கூட்டம் முடிஞ்சு கார்டெல்லாம் எடுத்து வெக்கறதுக்கு உங்க ட்ராயரைத் திறந்தேன். டின் இருந்துச்சு. அவரோட பழைய கார்டு உள்ளே பென்சில்ல எழுதியிருந்தீங்க. 'கான்ஜி வேண்டாமாம், பாவம், வெக்கப்படுறார்'னு." கோப்பையைத் துடைத்தாள். "தமிழ்லதானங்க்கா எழுதியிருந்தீங்க."

பதினொரு வருடம் எவனுக்கும் விளங்காது என்று எழுதிய தமிழ். அந்தக் கட்டடத்தில் அதை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் வந்து மூன்று மாதமாகிறது, அவளோடு தினமும் தமிழில் கதைத்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு அது ஒருமுறைகூட உறைக்கவில்லை. என் எரிச்சல் என் புத்தியையும் தின்றுவிட்டது.

"அப்ப... மேலதிகாரி கூப்பிடேக்கை உமக்கு எல்லாம் தெரியும். பிறகேன் காட்டேல்லை எண்டு சொன்னனீர்?"

"உங்க வேலைய நான் புடுங்கிட்டேன்ல. என் வேலைய ஒருத்தி வந்து புடுங்கியிருந்தா நான் அந்தப் பேனாவையே ஒளிச்சு வெச்சிருப்பேன்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். "ஆனா அந்தக் கஸ்டமர் என்னங்க்கா பண்ணுனாரு நம்மள?"

நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

அன்று பின்னேரம் அந்த மனிதருக்குப் போன் எடுத்தேன். பிழை என்னுடையது, எனக்குத் தெரிந்திருந்தும் விட்டுவிட்டேன் என்றேன். அவர், "பரவாயில்லை. அடுத்த முறை எனக்கு அட்டையே வைக்காதீர்கள்" என்றார். மேலதிகாரியிடமும் போனேன். அவள் காட்டினாள், நான்தான் சரி என்று போட்டேன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "மாமனார் சான்" என்று கூப்பிட்டார். பிறகு மேசையில் இருந்த கோப்பைத் திறந்துகொண்டார். அடுத்த நாள் தூரிகைப் பேனை அவளுடைய மேசையில் இருந்தது. நான்தான் கொண்டுபோய் வைத்தேன். தகரப் பெட்டியையும் வைத்தேன். போன் எடுத்துக் கேட்காமல் ஒரு அட்டையும் எழுதக் கூடாது என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். அதட்டவாவது எனக்கு உரிமை வேண்டாமா?

அவளைப் பார்த்தால் இப்போதும் எரிகிறது. முன்பு எழுத்துக்கு எரிந்தது. இப்போது அவள் அந்த அறையில் குனிந்து, காட்டவில்லை என்று சொன்னாளே, அதற்கு எரிகிறது. அவள் இடத்தில் நான் நின்றிருந்தால் அந்தப் பட்டியலை எடுத்து மேசையில் விரித்திருப்பேன்.

என் பெயர் அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமி சாமியறையில் இருந்தா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தா.

"இது அவற்ற பேர் இல்லைப்போல?"

"இல்லை மாமி. இது என்ர பேர்."

வெளிச்சத்துக்குப் பிடித்து, தள்ளிப் பிடித்து, விரலால் அந்தக் கோடுகளின் மேல் மெல்லத் தடவினா. படத்துக்குப் பக்கத்தில் சந்தனத்தோடு கோணலாக நின்ற பழைய அட்டையையும் ஒருமுறை பார்த்தா.

"என்ன வடிவு! எழுத்து இப்பதான் திருந்தியிருக்கு. நீயோ எழுதினது?"

"ஓம் மாமி" என்றேன்.